தவறிய லோஞ்சும் பசெஞ்சர் என்ற சொல்லும்

என்னுடைய சின்ன மாமா பொய் சொல்கிறார்.

எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாணம் நடந்தாலும், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றத் தொடங்கியதும் அவர் கதிரையை நடுவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கதையை எடுத்துவிடுவார். சித்தியின் கலியாணத்தை ஒப்பேற்றியது தான்தானாம். மாப்பிள்ளையின் தகப்பனை ஒரு இங்கிலீஷ் சொல்லால் கட்டிப் போட்டு, கடைசி லோஞ்சைத் தவறவிட வைத்து, ஊருக்குத் திரும்ப முடியாமல் செய்தது எல்லாம் தன்னுடைய மூளையாம். கேட்கிறவர்கள் கைதட்டுகிறார்கள். மாமாவும் வெட்கம் இல்லாமல் தலையை ஆட்டுகிறார். நானும் இவ்வளவு காலம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். இனி ஏலாது. அன்றைக்கு அந்த வீட்டில் நானும் இருந்தேன். எனக்கும் கண் இருந்தது, காது இருந்தது. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அது சண்டைக் காலம். நாங்கள் திருகோணமலை ரவுணில், துறைமுகப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் குடியிருந்தோம். முற்றத்தில் நின்றால் கடல் தெரியாது. ஆனால் கடலில் நடப்பது எல்லாம் கேட்கும். நேவிப் படகு இரைவது கேட்கும். மாவுக் கப்பலில் இருந்து மூட்டை இறக்கும்போது ஆட்கள் கத்துவது கேட்கும். மூதூருக்கு ஆட்களை ஏற்றிப் போகும் மோட்டார்ப் படகான லோஞ்ச் புறப்படுவதற்கு முன் நீட்டி ஒரு கோர்ன் அடிக்கும், கயிறு அவிழ்க்கும்போது கட்டையாய் இன்னொன்று அடிக்கும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் எங்கள் ஒழுங்கையில் உலையே வைப்பார்கள்.

கொட்டியாரக் குடாவின் அக்கரையில் இருக்கும் மூதூருக்குப் போவதற்கு லோஞ்ச்தான் வழி. தரைப்பாதையும் இருந்தது. ஆனால் அது துறைக்குத் துறை இறங்கிப் படகு மாறி, சாவடிக்குச் சாவடி இறங்கிப் பையைத் திறந்து காட்டிப் போகிற பாதை. காலையில் வெளிக்கிட்டால்தான் போய்ச் சேரலாம். பின்னேரம் கடைசி லோஞ்ச் போய்விட்டால் பிறகு விடிய வேண்டும். பொழுது பட்டபின் கடலில் ஒரு தோணிகூட அசைய நேவி விடாது.

சித்தி அம்மாவின் தங்கச்சி. எங்களோடுதான் இருந்தாள். மூதூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ரீச்சர். தினமும் காலையில் லோஞ்ச் ஏறிப் போய்ப் பின்னேரம் திரும்பி வருவாள். அவளுக்குக் கலியாணம் சரிவராமலே இருந்தது. ஒரு முறை மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்த நாளில் ஆமி ஊரைச் சுற்றிவளைத்தது. இன்னொரு முறை வந்தவர்கள் எங்கள் ஒழுங்கை வாசலில் இருந்த காவலரணைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். அம்மா ஒவ்வொரு முறையும் பலகாரம் சுட்டாள். ஒவ்வொரு முறையும் அதை நாங்களே தின்றோம். எனக்கு அதில் நட்டம் இல்லை. சித்தி மட்டும் அன்றைக்குத் தின்ன மாட்டாள்.

பிறகு மூதூருக்குப் பக்கத்துக் கட்டைபறிச்சானில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ரவுணில், அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை. அவரும் தினமும் லோஞ்சில் வந்து போகிறவர்தான். சம்பந்தத்தை யார் கொண்டுவந்தது என்று இன்றைக்கு வரைக்கும் சரியாகத் தெரியாது. அம்மா சொல்லித்தான் வந்ததென்று தரகர் சொன்னார். தரகர் சொல்லித்தான் தெரியுமென்று அம்மா சொன்னாள்.

மாப்பிள்ளையின் தகப்பன் இங்கிலீஷ் படிப்பித்து ஓய்வு பெற்ற மாஸ்ரர். அவரைப் பற்றி அப்பா முதலே விசாரித்து வைத்திருந்தார். ஆள் தங்கமாம். ஒரேயொரு வருத்தந்தானாம். கண்ட ஆளை எல்லாம் மறித்து ஒரு இங்கிலீஷ் சொல்லைக் கொடுத்து, இதற்கு வேர் எது, வால் எது, பிரித்துச் சொல்லு என்பாராம். சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிற துண்டை அவர் வால் என்றுதான் சொல்லுவார். ஒரு வால் முளைத்தால் பெயர்ச்சொல், அதில் இன்னொரு வால் முளைத்தால் ஆளைக் குறிக்கும் சொல் என்று விளக்குவாராம். கட்டைபறிச்சான் சந்தியில் அவரைக் கண்டால் சைக்கிளில் வருகிறவர்கள் திரும்பிப் போவார்களாம்.

தகப்பன் தங்கம். ஆனால் அந்த வீட்டில் கடைசிச் சொல்லு அவருடையது இல்லை. அது அவருடைய அக்காவுடையது. தாய் இல்லாத தம்பியை வளர்த்துப் படிப்பித்து ஆளாக்கியது அந்த மனிசி. அவர் பல் விளக்குவது தவிர மற்ற எல்லாம் அக்காவைக் கேட்டுத்தான் செய்வார் என்று அப்பா சொன்னார். அம்மா அப்பாவைப் பார்த்து, அப்படியும் ஆம்பிளையள் இருக்கினம் பாருங்கோ என்றாள்.

ஒரு சனிக்கிழமை காலை லோஞ்சில் ரவுணுக்கு வந்து, கடையில் சாப்பிட்டுவிட்டு, மத்தியானத்துக்குப் பிறகு மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். மாஸ்ரர், அக்கா, மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் சேர்ட்டில் கஞ்சி கூடிப் போய் அவர் திரும்பும்போதெல்லாம் சத்தம் வந்தது. அக்கா கதிரையின் நுனியில் இருந்தா. மடியில் கைப்பை, கையில் குடை. சாய்ந்து இருக்கவே இல்லை. அம்மா பொரித்த பற்றிஸ், கேக், வாழைப்பழம் எல்லாம் கொண்டுவந்து வைத்தாள். வந்தவர்கள் போகும் வரைக்கும் பிள்ளைகள் தட்டில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதனால் அவர்கள் எப்போது போவார்கள் என்பதுதான் எனக்கிருந்த ஒரே யோசனை.

இன்னொரு சட்டமும் இருந்தது. அது எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை, ஊருக்கே பொது. பெண் பார்க்க வருகிறவர்கள் தேத்தண்ணி குடிக்கலாம், பலகாரம் கடிக்கலாம். சோறு தின்னக் கூடாது. சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அக்கா பலகாரத்தையே தொடவில்லை. தேத்தண்ணியில் உதட்டை நனைத்துவிட்டு வைத்துவிட்டா.

சித்தி வந்து கும்பிட்டுவிட்டு அறைக்குள் போனாள். அக்கா அம்மாவிடம் சித்தி பிறந்த வருசத்தைக் கேட்டா, மாதத்தைக் கேட்டா, விரலை மடித்து எண்ணிப் பார்த்தா.

“பிள்ளை எங்கட பொடியனுக்கு மூப்பாய்க் கிடக்கு.”

சில மாத மூப்புத்தான் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். சில மாதமென்றாலும் மூப்பு மூப்புத்தானே என்றா அக்கா. பிறகு, வீட்டை போய் யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்றா. அந்த வசனம் எனக்கே தெரியும். முன்னொரு முறை வீட்டுக்குள் வந்து பார்த்தவர்களும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனவர்கள். அம்மாவின் முகம் சுருங்கிப் போனது. அறைக் கதவின் திரைச்சீலைக்குக் கீழே சித்தியின் கால் தெரிந்தது. பெருவிரலால் சீமெந்தைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்த மனிசியின் குடையைப் பறித்து முறிக்க வேண்டும் போல் இருந்தது.

கடைசி லோஞ்சுக்கு இன்னும் நேரம் கிடந்தது. கதைக்க ஒன்றும் கிடக்கவில்லை. அப்பா முகட்டைப் பார்த்தார். மாப்பிள்ளை தன் சப்பாத்தைப் பார்த்தார். சின்ன மாமாவுக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது. அவர் அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் சாமான் இறக்குகிற இடத்தில் வேலை. கிரேன்காரனைப் பார்த்து ஸ்லோ, ஸ்ரொப், ஓகே என்று கத்துவதுதான் அவருடைய முழு இங்கிலீஷ். அதை வைத்துக்கொண்டு மாஸ்ரரைச் சீண்டினார்.

“நானும் வெள்ளைக்காரக் கப்பல்காரரோட நாள் முழுக்க இங்கிலீஷ்தான் கதைக்கிறனான் மாஸ்ரர்.”

மாஸ்ரரின் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. அப்படியென்றால் ஒரு சொல்லுக் கேட்கட்டோ என்றார். கேளுங்கோ என்றார் மாமா. மாஸ்ரர் ஒருக்கால் மகனைப் பார்த்தார். ஒருக்கால் திரைச்சீலையைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“பசெஞ்சர். எங்க, பிரிச்சுச் சொல்லுங்கோ தம்பி.”

அறைக்குள் சித்தி இருமினாள். மாப்பிள்ளையின் காது சிவந்தது. இருவருக்கும் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது என்று நினைத்தேன்.

மாமா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. யோசிக்கிற பழக்கம் அவருக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

“சுகமான சொல்லு மாஸ்ரர். பாஸ் எண்டால் கடக்கிறது. டேஞ்சர் எண்டால் ஆபத்து. டேஞ்சரைப் பாஸ் பண்ணி வாறவன் பசெஞ்சர். இண்டைக்குக் காலமை நீங்கள் வந்தியளே, அதுதான்.”

அப்பா சிரித்துவிட்டார். அம்மாவும் முந்தானையால் வாயை மூடினாள். உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில் அந்த விளக்கம்தான் சரியாகப் பட்டது. லோஞ்சுக்கு ஏறுகிற ஒவ்வொருவரையும் வீட்டில் கும்பிட்டுத்தான் அனுப்பினார்கள். அக்காவின் உதடுகூடக் கொஞ்சம் அசைந்தது, நான் பார்த்தேன். உடனே இழுத்துப் பிடித்துக்கொண்டா.

மாஸ்ரர் மட்டும் சிரிக்கவில்லை. பிழையான சொல் ஒன்றை அப்படியே விட்டுவிட்டுப் போக அவரால் முடியாதாம். எழும்பி நின்றார். வகுப்பில் நிற்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பாஸ் என்பது வேர், அது கடக்கிறதுதான், அந்த அளவில் தம்பி சரி என்றார். அதில் ஒரு வால் ஒட்டினால் பாஸேஜ். அது கடந்துபோகிற வழி, பயணம். அதில் ஆளைக் குறிக்கும் இன்னொரு வாலை ஒட்டினால் பாஸேஜர், பயணம் போகிறவன். பிரெஞ்சுக்காரரிடம் இருந்து அந்தச் சொல்லு அப்படித்தான் வந்தது. வெள்ளைக்காரன் அதை வாயில் போட்டுக் கன காலம் மென்றதில் நடுவுக்குள்ளே ஒரு ‘ன்’ புகுந்து பசெஞ்சர் ஆகிப் போச்சுது.

அந்த ‘ன்’ எங்கிருந்து வந்தது என்று மாமா மடக்கினார். வேரிலும் இல்லை, இரண்டு வாலிலும் இல்லை, பிறகு எப்படி வரும்? டேஞ்சரில் இருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று ஒரே பிடி.

“அது ரிக்கெற் எடுக்காமல் ஏறின எழுத்து தம்பி. மெசேஜ் கொண்டு வாறவனை மெசெஞ்சர் எண்டுறம். அதிலயும் இடையில ஏறியிருக்கிறார் பாருங்கோ. அவருக்கு அதுதான் தொழில்.”

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா எழும்பிக் குடையை ஊன்றிக்கொண்டு நின்றா. தம்பி, நேரமாகுது, வரிசையில் நின்று சோதனை முடித்துத்தானே ஏற வேண்டும் என்றா. மாஸ்ரர் இந்தா வாறன் அக்கா என்று பணிவாகச் சொல்லிவிட்டு, அப்பாவைப் பார்த்து வீட்டில் டிக்சனரி கிடக்கோ என்று கேட்டார். எங்கள் வீட்டில் பஞ்சாங்கம்தான் இருந்தது. ஒழுங்கை முடிவில் இருந்த வக்கீல், புரொக்ரர் ஐயா வீட்டில் ஒன்று இருக்கிறதென்று அப்பா சொன்னார். மாமா என்னுடைய முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

“ஓடு. ஒரே ஓட்டமாய்ப் போய் எடுத்துக்கொண்டு வா. மாஸ்ரருக்கு இப்பவே காட்டுறன்.”

நான் வாசல்படி இறங்கும்போது மாஸ்ரர் பின்னால் வந்தார்.

“ஓடாதை பிள்ளை. அது பெரிய புத்தகம், விழுந்திடுவாய். ஆறுதலா நடந்து வா.”

எவ்வளவு நல்ல மனிசன் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். எனக்குப் பற்றிஸ் வேண்டும். இவர்கள் போனால்தான் பற்றிஸ்.

புரொக்ரர் ஐயாவின் மனிசி அந்த டிக்சனரியைக் குசினியில் வைத்திருந்தா. கருவாட்டுப் பெட்டியைப் பூனை தள்ளித் திறக்காமல் இருக்க அதன் மேல் பாரமாக வைத்திருந்தா. உனக்கு எதற்கு இந்தப் புத்தகம், எப்போது திருப்பித் தருவாய், அதுவரைக்கும் பூனைக்கு நான் என்ன வைப்பது என்று கேட்டா. அம்மிக் குழவியை வையுங்கோ என்று சொல்லிவிட்டு, புத்தகத்தைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். நான் வேகமாய்த்தான் வந்தேன். என்னால் ஒரு நிமிசம்கூடப் பிந்தவில்லை. இதை நன்றாகக் கவனியுங்கள், ஏனென்றால் மாமா சொல்லும் கதையில் அவர் என் காதுக்குள் மெல்லப் போ என்று சொன்னதாக வருகிறது.

நான் வந்தபோது மாமாவும் மாஸ்ரரும் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். மாமாவின் சேர்ட் முதுகில் நனைந்திருந்தது. மாஸ்ரர் புத்தகத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். கருவாட்டு மணம். சிரித்துவிட்டு, நல்ல கனதியான புத்தகம் என்றார். திறக்கப் போனவர் நின்று, என்ர கண்ணாடி எங்க என்று தேடத் தொடங்கினார். மேசையில் பார்த்தார், கதிரைக்கு அடியில் பார்த்தார். மாப்பிள்ளை பையைத் திறந்து தேடினார். அக்கா பொறுமை கெட்டு, கண்ணாடியை வீட்டை வந்து தேடலாம் என்றா.

கண்ணாடி மாஸ்ரரின் சேர்ட் பொக்கெற்றுக்குள் இருந்தது. எனக்கு அது நேராகத் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே தன்னுடைய கையைப் பொக்கெற்றின் மேல் வைத்து மூடினார். நெஞ்சு நோகிறதாக்கும், வயது போன மனிசன் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடி தானாகக் கிடைத்தது. அவர் புத்தகத்தைத் திறந்தார். அவ்வளவு காலம் இங்கிலீஷ் படிப்பித்த மனிசன், ‘பி’யில் தொடங்கும் சொல்லை ‘ஏ’யில் இருந்து தேடிக்கொண்டு வந்தார். விரலை நக்கி ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். வழியில் கண்ட சொல்லெல்லாம் அவரை மறித்தது. ஒவ்வொன்றுக்கும் வால் காட்டினார். மாமா மட்டும், சுணங்காமல் ‘பி’க்குப் போங்கோ மாஸ்ரர் என்று கத்திக்கொண்டிருந்தார். தான் வெல்லப் போகிறேன் என்ற அவசரம் அவருக்கு.

அப்போதுதான் இறங்குதுறையில் நீட்டிக் கோர்ன் அடித்தது.

எங்கள் வீட்டில் அது கேட்டால் மேசையில் இருக்கும் தண்ணிக் குவளை அதிரும். அக்கா அவசரமாகக் குடையால் நிலத்தைத் தட்டினா.

“தம்பி, கோர்ன் அடிக்குது.”

மாஸ்ரரின் குரல் உயர்ந்தது. கோர்னுக்கு மேலால் கேட்கும்படி, இந்தா வந்திட்டுது, பாஸேஜ், இந்தப் பக்கத்திலதான் என்று உரக்க வாசிக்கத் தொடங்கினார். வேரை வாசித்தார், முதல் வாலை வாசித்தார், இரண்டாம் வாலை வாசித்தார். இடையில் ஏறிய ‘ன்’னைப் பற்றி டிக்சனரி என்ன சொல்கிறதென்று வாசித்துக்கொண்டிருக்கும்போது கட்டைக் கோர்ன் அடித்தது. பிறகு எஞ்சின் சத்தம். பிறகு அதுவும் தேய்ந்து போனது.

“அப்ப நான் சரிதானே தம்பி,” என்று சொல்லி மாஸ்ரர் புத்தகத்தை மூடினார்.

மாமா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். தோற்றுப்போன கவலை அவருக்கு. அந்த முகத்தை நான் பார்த்தேன். லோஞ்ச் போய்விட்டதென்பதே அவருக்குப் பிறகுதான் விளங்கியது. இந்த மனிசன்தான் இன்றைக்குத் தன்னுடைய மூளை என்கிறார்.

அக்கா மெல்ல இருந்தா. முதல் முறையாகக் கதிரையில் சாய்ந்தா. இனி என்ன செய்யிறது என்று ஒருவரையும் பார்க்காமல் கேட்டா. அப்பாதான் சொன்னார், இரவு தங்க வேண்டும், தங்குவதென்றால் பொலிசில் பதிய வேண்டும். அந்தக் காலத்தில் அது சட்டம். வீட்டில் வெளி ஆள் ஒருவர் இரவு நின்றால் பொழுது படுமுன் அடையாள அட்டையோடு கூட்டிக்கொண்டு போய் யார், எவர், என்ன உறவு என்று பதிந்துவிட்டு வர வேண்டும். பதியாத ஆள் வீட்டில் இருந்து பிடிபட்டால் வீட்டுக்காரனுக்கும் சேர்த்துத்தான் கேடு.

அம்மாவும் சித்தியும் தவிர எல்லோரும் போனோம். நானும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். காவலரணில் இருந்த பொலிஸ்காரர் வயது போன சிங்கள மனிசன். தமிழ் தெரியும். அட்டைகளை வாங்கிப் பார்த்துவிட்டு இவர்கள் உங்களுக்கு என்ன முறை என்று அப்பாவைக் கேட்டார். அப்பாவுக்குப் பொய் வராது. இன்னும் ஒரு முறையும் இல்லை, பார்க்கத்தான் வந்தவர்கள் என்று இழுத்தார். பொலிஸ்காரர் பேனையை வைத்தார்.

“சொந்தம் இல்லையெண்டா வீட்டில நிக்க ஏலாது. இங்கதான் நிக்க வேணும்.”

இங்கே என்று அவர் காட்டியது சுவரோரம் கிடந்த, ஆட்கள் இருக்கிற மர வாங்கு. அதற்குக் கீழே ஒரு சொறிநாய் படுத்திருந்தது. அக்கா வாங்கைப் பார்த்தா. நாயைப் பார்த்தா. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாஸ்ரர் அவரைக் கையால் மறித்துவிட்டு, பொலிஸ்காரரிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

“எங்கட வீட்டில அக்காதான் மூத்தவ. அவவைக் கேளுங்கோ. அவ சொன்னால் சரி.”

பொலிஸ்காரர் அக்காவைப் பார்த்தார். அப்பா நிலத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையின் கஞ்சிச் சேர்ட்டில் இருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அக்கா குடையை ஒரு கையில் இருந்து மற்றக் கைக்கு மாற்றினா.

“ஓம். சொந்தந்தான்.”

“என்ன சொந்தம்?”

“சம்பந்தி.”

பொலிஸ்காரருக்கு அந்தச் சொல்லுத் தெரிந்திருந்தது. மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். எழுதி முடித்து, கலியாணத்துக்குத் தனக்கும் சொல்ல வேண்டும் என்றார். அக்கா அவருக்கும் ஓம் என்று தலையாட்டினா. வேறு என்ன செய்யிறது?

திரும்பி வரும்போது அக்கா குடையை ஊன்றிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தா. அம்மா கேற்றடியில் காத்துக்கொண்டு நின்றாள். அக்கா அவளுக்கு முன்னால் போய் நின்றா.

“சோறு கிடக்கோ பிள்ளை?”

அம்மா அழுதுகொண்டே குசினிக்குள் ஓடினாள். வீட்டில் கிடந்ததுதான். மீன் சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி, கீரை. அப்பா பக்கத்து வீட்டில் முட்டை வாங்கி வந்து பொரிக்கச் சொன்னார். சித்தி பரிமாறினாள். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்றியதில் சொதி அவருடைய சேர்ட்டில் ஊற்றுப்பட்டது. அதற்குப் பிறகுதான் அந்தச் சேர்ட் மனிசச் சேர்ட் மாதிரி இருந்தது. அக்கா இரண்டாம் முறையும் சோறு வாங்கினா. சாப்பிட்டுக்கொண்டே, பொம்பிளை கொஞ்சம் மூப்பாய் இருக்கிறதும் நல்லதுதான், ஆம்பிளை சொல்லுக் கேட்டு நடப்பான், என்ர தம்பி நான் கீறின கோட்டை இன்றைக்கு வரைக்கும் தாண்டினது கிடையாது என்று பெருமையாகச் சொன்னா. மாஸ்ரர் தலையைக் குனிந்துகொண்டு அக்காவின் குவளையில் தண்ணி ஊற்றினார்.

மேசையில் மிச்சம் இருந்த பற்றிஸ் முழுவதையும் நான் தின்றேன். ஒருவரும் தடுக்கவில்லை. சித்தியும் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு சிரித்தாள். பலகாரத்தை அவள் தின்ற முதல் பெண் பார்ப்பு அது. அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாகச் சிரிப்புக் கேட்டு எவ்வளவு காலம் என்று அப்பா சொன்னார். எனக்கு அது விளங்கவில்லை. லோஞ்சைத் தவறவிட்டவர்கள் ஏன் இவ்வளவு சந்தோசப்படுகிறார்கள் என்றுதான் யோசித்தேன்.

விளங்காதது அது மட்டும் இல்லை. நான் வளர்ந்த பிறகு சித்தி ஒரு நாள் சொன்னாள். காலையில் லோஞ்ச் மூதூரில் இருந்து வந்து இறங்குதுறையில் நிற்கும். மாப்பிள்ளை இறங்குவார். அவள் ஏறுவாள். பின்னேரம் அவள் இறங்குவாள், அவர் ஏறுவார். ஆண்களுக்கு ஒரு சோதனை வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. இரண்டு வரிசையும் ஒன்றையொன்று தாண்டும் நேரம்தான் அவர்களுக்குக் கிடைத்த நேரம். ஒரே லோஞ்சில் ஒரு நாளும் சேர்ந்து போனதில்லை. மகன் தகப்பனிடம் மட்டும் அதைச் சொல்லியிருந்தார். அந்த மனிசன் உலகத்தில் கிடக்கிற எல்லாச் சொல்லையும் விட்டுவிட்டு அன்றைக்குப் பசெஞ்சரை ஏன் எடுத்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நடக்கச் சொன்னது விளங்கியது. பொக்கெற்றின் மேல் வைத்த கை விளங்கியது. வளர்த்த அக்காவுக்கு எதிராக ஒரு சொல்லுச் சொல்ல அவருக்கு வாய் வராது. அவரால் செய்ய முடிந்தது ஒரு லோஞ்சைத் தவறவிடுவதுதான்.

நான் அவரிடம் அதைப் பற்றித் தனியாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். எந்தக் கோர்ன் பிள்ளை என்று கேட்டார். பிறகு என்னை இருத்தி ஒரு சொல்லுக்கு வால் பிரிக்கச் சொன்னார்.

வருகிற ஆவணியில் சித்தியின் மகளுக்குக் கலியாணம். பந்தி முடிந்ததும் மாமா வழக்கம்போல் கதிரையை இழுப்பார். மாமா, இந்த முறை நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருங்கள். மாஸ்ரர், உங்களுக்குத்தான் சொல்கிறேன். உங்களுக்கு வயது போய்விட்டது, ஆனால் காதும் நன்றாகக் கேட்கிறது, வாயும் நன்றாக வேலை செய்கிறது. அக்கா போய்ச் சேர்ந்துவிட்டா. இனி யாருடைய மனம் நோகும் என்று பேசாமல் இருக்கிறீர்கள்? எழும்பி மைக்கைக் கையில் எடுங்கள். வேர், வால் ஒன்றும் வேண்டாம். அன்றைக்கு அந்தக் கோர்ன் உங்களுக்குக் கேட்டதா, இல்லையா? அவ்வளவு பேருக்கும் முன்னால் பதில் சொல்லுங்கள்.